மெத்தோட்ரெக்சேட்: மூட்டுவலிக்குக் கீமோதெரபியா?

"முடக்குவாதக்காரர்களுக்கு டாக்டர்கள் ரகசியமாகக் கீமோதெரபி கொடுக்கிறார்கள், மெத்தோட்ரெக்சேட்டை உடனே நிறுத்துங்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. மருந்தின் பெயர் மட்டும்தான் அதில் சரி.

புற்றுநோய்க்கு இதைச் சில நேரம் கிராம் கணக்கில் ஏற்றுவார்கள். முடக்குவாதத்துக்கோ வாரத்தில் ஒரே நாள், பெரும்பாலும் 7.5 முதல் 25 மில்லிகிராம். இந்த அளவில் அதன் வேலை அழற்சியைத் தணிப்பது. ரகசியமும் இல்லை: அமெரிக்காவில் 28 நோயாளிகளிடம் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுச் சோதித்த முடிவு 1985இல் வெளியானது; 1988இல் அங்கே அனுமதி கிடைத்தது.

பயப்பட வேண்டியது வேறு. வார மாத்திரையைத் தவறுதலாகத் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. நீங்களாக நிறுத்தினாலோ, அடங்கியிருந்த வீக்கம் திரும்பி மூட்டை அரிக்கலாம்.