பிளேபாயிலிருந்து ஆர்வி-3 வரை

வீட்டிலேயே கட்டும் விமானங்களின் வரைபடத்தில் கைவைப்பது வடிவமைப்பாளரின் உரிமையைப் பறிப்பதாகும் என்று ஒரு கட்டுரை கூறுவதை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. அமெரிக்க விமான வடிவமைப்பாளர் ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வென், ரே ஸ்டிட்ஸ் வடிவமைத்த பிளேபாய் விமானத்துக்கு 1960-களின் நடுவில் தாமே உருவாக்கிய அலுமினிய இறக்கையைப் பொருத்தி, அதை ஆர்வி-1 ஆக்கினார். அதில் கற்ற பாடங்களைக் கொண்டு அவர் புதிதாக வடிவமைத்த ஆர்வி-3, 1971-இல் பறந்தது. அந்த மாற்றத்தை அன்று யாரேனும் தடுத்திருந்தால், பிற்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் கட்டிப் பறந்த ஆர்வி வரிசையே இருந்திருக்காது. ஆனால், ஒருவர் ஆண்டுக்கணக்கில் உழைத்து உருவாக்கிய பாகங்களிலிருந்து அப்படியே வார்ப்பு அச்செடுத்து நகல் செய்து, பெயரை மட்டும் மாற்றி விற்பது வேறு. அதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். தமக்கென ஒரே ஒரு விமானம் கட்டுபவர் தாராளமாக மாற்றிக்கொள்ளட்டும், ஆனால் மாற்றிய பிறகு அதை மூல வடிவமைப்பாளரின் விமானம் என்று சொல்லி விற்கக் கூடாது.