விரும்பித்தான் போறாங்க, ஆனா

"ரஷ்யாவுக்கு வேலைக்குப் போற வட கொரியா ஆளுங்க நம்ம கல்ஃப் ஆளுங்க மாதிரிதான்"னு மேல ஒருத்தர் போட்டிருக்கீங்க, பாதிதாங்க சரி. லஞ்சம் குடுத்தாவது போகணும்னு அடிச்சுக்கிறாங்க, உண்மைதான், ஊர்ல நிலைமை அப்படி. ஆனா பாஸ்போர்ட் இருக்கறது கூடவே வர்ற அவங்க நாட்டு அதிகாரி கைல, சம்பளத்துல பெரும்பங்கு அரசாங்கத்துக்கு, கட்டட வேலைல மாசாமாசம் அரசாங்கத்துக்குக் குடுக்க வேண்டிய கோட்டா பணத்தைக் குடுக்க முடியலேன்னா கடனா தலைல ஏறும், பொண்டாட்டி புள்ளைங்க ஊர்லயே பிணை மாதிரி இருக்கறதால ஓடவும் முடியாது. கல்ஃப்ல கஃபாலா (தொழிலாளியோட விசாவை முதலாளியோட கட்டிப் போடற முறை) கொடுமை இருக்கு, இல்லேங்கல, ஆனா அங்க சம்பளத்தைப் புடுங்கறது நம்ம அரசாங்கம் இல்லையே. அப்புறம் 2019 டிசம்பரோட எல்லாரையும் திருப்பி அனுப்பிட்டாங்கன்னு சொன்னதும் தப்பு, அது ஐ.நா. 2397 தீர்மானம் வெச்ச கெடு அவ்வளவுதான், அதுக்கப்புறமும் ஸ்டூடண்ட் விசால ஆளுங்க ரஷ்யாவுக்குள்ள வந்துட்டேதான் இருக்காங்க.