முருபாராப் பிள்ளைகள் ஏன் ஊரை விட்டுப் போகணும்?

"அந்த ஊர்ப் பசங்களுக்கு என்ன எதிர்காலம் இருக்கு? பேசாம ஆக்லாந்து போய்ப் பிழைச்சுக்க வேண்டியதுதானே?" முருபாராவைப் பற்றிப் பேச்சு வந்தால் இங்கே நியூசிலாந்தில் நம் ஆட்களே இப்படிச் சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

ரோட்டோருவாவுக்குத் தென்கிழக்கே இருக்கிற சின்ன ஊர் அது. பெரும்பாலோர் இந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிகள். பக்கத்திலேயே கைங்கரோவா, நாட்டிலேயே பெரிய பைன் காடு. அந்த மரங்களை வெட்டுவதற்காகத்தான் 1950களில் ஊரைப் பெரிதாக்கினார்கள். வீடுகள் வந்தன, 1957-இல் மரம் ஏற்றிப் போக ரயில் பாதை வந்தது. அப்பா காட்டில் வேலை பார்த்தால் பிள்ளைக்கும் அங்கேயே வேலை. அப்புறம் 1987-இல் பிரதமர் லாங்கேயின் அரசு வனத்துறையைக் கலைத்து, லாபம் பார்க்கும் நிறுவனமாக மாற்றியது. இந்தப் பக்கத்துக் காட்டு ஊர்களில் வீட்டுக்கு வீடு வேலை போயிற்று. அடுத்த வருடம் பிப்ரவரி 5 அன்று நாடு முழுக்க 432 தபால் நிலையங்களை ஒரே நாளில் மூடினார்கள். தலைநகர் வெலிங்டனில் கையெழுத்துப் போட்டுத் தேய வைத்த ஊர்களைப் பார்த்து, அங்கே இருப்பவர்கள் சோம்பேறிகள் என்று சொல்ல எப்படி மனசு வருகிறது?

அந்தப் பிள்ளைகளின் நட்பைப் பற்றி நம்மவர்கள் யாரும் பேசுவதில்லை. கூட்டாளி என்றால் பாதிப் பேர் உறவுதான், ஒரே பாட்டியிடம் வளர்ந்தவர்களும் உண்டு. குதிரையில் ஏறிக் கடைக்குப் போவார்கள், பெரியவர்களோடு காட்டுப் பன்றி வேட்டைக்குப் போவார்கள். ஊரில் ஒரு சாவு என்றால் மராய் என்கிற பொது மண்டபத்தில் மூன்று நாள் உடலைத் தனியே விடாமல் எல்லோரும் கூட இருப்பார்கள். அந்த நாட்களில் பின்கட்டில் உருளைக்கிழங்கு உரிப்பது, பாத்திரம் கழுவுவது, ஹாங்கி மண்ணடுப்புக்குக் குழி வெட்டிக் கல்லைக் காய வைப்பது எல்லாவற்றிலும் இளவட்டங்களின் கை இருக்கும். கல்லறைக் குழி வெட்டுவதும் பையன்கள்தான். பதினைந்து வயதில் நூற்றுக்கணக்கான பேருக்குச் சாப்பாடு போட்டு அனுப்பத் தெரிந்த பிள்ளைகளைத்தான் ஒன்றும் தெரியாதவர்கள் என்கிறோம்.

பள்ளி முடிகிற வயதில் இந்தக் கூட்டம் உடைகிறது. ஒருத்தி ஹாமில்டனில் படிக்கப் போகிறாள். ஒருவன் மாமா கூப்பிட்டார் என்று பிரிஸ்பேன் போகிறான். ஆஸ்திரேலியாவில் இன்றைக்கு மாவோரிகள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். போகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பாட்டியைப் பார்த்துக்கொள்ள ஒருவன் ஊரிலேயே இருந்துவிடுகிறான். பேருந்து அரிதாக வரும் ஊரில் கார் இல்லை, லைசென்ஸ் இல்லை, பக்கத்து நகரத்து வேலைக்கும் போக முடியாது. ரவுடிக் கும்பலான கேங் வந்து அழைப்பது அவனைத்தான். கேங் பிரச்சினை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கூட்டாளிகளெல்லாம் போய்விட்ட பிறகு அவனைத் தேடி வேறு யார் வந்தார்கள் என்றும் கேட்கணும்.

பிரிஸ்பேனில் யாராவது இறந்தாலும் உடல் பெரும்பாலும் சொந்த மண்ணுக்குத்தான் வரும். அன்றைக்கு மராயைத் திறந்து வைக்கவும் குழி வெட்டவும் ஊரில் ஆள் வேண்டும். ஊரிலேயே இருந்து தீ அணையாமல் காப்பவர்களுக்கு மாவோரி மரபில் தனி மரியாதை உண்டு. நாம்தான் அவர்களைத் தோற்றுப்போனவர்கள் என்கிறோம்.

எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். அரசோடு போட்ட 2008 ஒப்பந்தத்தில் கைங்கரோவா நிலம் மாவோரி இனக்குழுக்களுக்குத் திரும்பி வந்தது, அதில் முருபாராவின் ங்காட்டி மனாவாவும் அடக்கம். நிலம் வந்தது, மேலே நிற்கிற மரம் வரவில்லை. நியூசிலாந்து அரசின் ஓய்வூதிய நிதியும் கனடா நாட்டு ஓய்வூதிய நிதி ஒன்றும் பெரும்பங்கு வைத்திருக்கிற நிறுவனத்துக்குச் சொந்தம் அது. இன்றைக்கும் முருபாராவிலிருந்து மரம் ரயிலேறிப் போகிறது. நியூசிலாந்தில் வெட்டுகிற மரத்தில் பாதிக்கு மேல் அறுக்காமலேயே கப்பலேறுகிறது, பெரும்பகுதி சீனாவுக்கு. அறுக்கிற வேலை, இழைக்கிற வேலை, பலகை செய்கிற வேலை எல்லாம் சேர்ந்து போய்விடுகிறது.

வழியே இல்லை என்று சொல்லாதீர்கள். பக்கத்து மின்ஙினூயியில் மர ஆலை மூடி ஊரே முடிந்தது என்றார்கள். இன்று அங்கே ங்காட்டி ஃபாரே இனக்குழு மக்கள் டோட்டாரா போன்ற நாட்டு மரக்கன்றுகளை வளர்க்கும் நாற்றங்கால் நடத்துகிறார்கள், அரசும் பணம் போட்டது. முருபாராவிலும் அறுவை ஆலைக்கும் தொழிற்பயிற்சிக்கும் பணம் போடட்டும். லைசென்ஸ் எடுக்க வழி செய்யட்டும். அதற்குப் பிறகும் ஒரு பிள்ளை கிளம்பினால், அது அந்தப் பிள்ளையின் விருப்பம்.