சைக்காலஜி படித்தால் கிளினிக் வைக்கலாமா?

பிளஸ் டூ முடித்த அக்கா மகள் போன வாரம் கேட்டாள்: "சித்தி, பி.எஸ்ஸி. சைக்காலஜி மூணு வருஷம் முடிச்சா கிளினிக் வெச்சிடலாம்ல?" எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் வயதில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பட்டம் மூன்று வருடம், முதுகலை இரண்டு. இதுவரை ஏட்டுப் படிப்பு. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் (மருத்துவ உளவியலாளர்) என்று பலகை மாட்ட எங்கள் காலத்தில் இன்னும் இரண்டு வருடம் முழுநேர எம்.பில்., அப்புறம் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் யார் என்ற வரையறையிலேயே 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் மேற்பார்வையுடன் கூடிய பயிற்சியை வைத்திருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ், ராஞ்சி சி.ஐ.பி. மாதிரி மனநல நிறுவனங்களில் சீட் கிடைப்பது குதிரைக்கொம்பு.

அந்த எம்.பில். இரண்டு வருடத்தில்தான் நான் தொழில் கற்றேன். முதன்முதலில் எழுதிய கேஸ் ஹிஸ்டரியைப் படித்துவிட்டு, பயிற்சியை மேற்பார்த்த மேடம், "இதுல அந்தம்மா எங்கே? பக்கம் பக்கமா நீதான் இருக்கே" என்று திருப்பிக் கொடுத்தார். மூன்று தடவை எழுதினேன். எதிரில் ஒருவர் அழுதால் ஆறுதல் சொல்ல வாய் துறுதுறுக்கும். அதை எப்போது அடக்க வேண்டும் என்பது பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பார்த்துத் திருத்தினால்தான் பிடிபடும். எனக்கு ஒரு வருடம் ஆனது.

இப்போது குழப்பம் வேறு. எம்.பில். வேண்டாம் என்று 2022-இல் பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., விதி போட்டது. கிளினிக்கல் சைக்காலஜிக்கும் மனநல சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 வரை நீட்டித்தார்கள். ஆர்.சி.ஐ. புதிய படிப்புகளைக் கொண்டுவருகிறது. பெயர் எதுவானாலும் சரி, வார்டில் நிற்கும் நேரத்தில் கை வைக்காமல் இருந்தால் போதும். 2025-இல் ஆன்லைன், தொலைதூர சைக்காலஜி படிப்புகளை நிறுத்தினார்கள். வேலைக்குப் போய்க்கொண்டே படித்த பெண்களுக்கு அது அடி என்றாலும், நிறுத்தியது சரி என்றே சொல்வேன்.

எரிச்சல் என்னவென்றால், வார இறுதி சர்டிபிகேட் வாங்கி "கவுன்சலர்" என்று உட்காருபவரை நடைமுறையில் யாரும் கேட்பதில்லை. அப்படி ஒருவர் "மாத்திரையை நிறுத்துங்க, மனசு தெளிஞ்சுடும்" என்று சொல்லி அனுப்பிய பையன் என்னிடம் வந்தபோது மூன்று வாரமாகத் தூங்கியிருக்கவில்லை. மாத்திரை மனநல மருத்துவர் எழுதுவது. எழுதவோ நிறுத்தவோ எனக்கே உரிமை கிடையாது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்பவரிடம் ஆர்.சி.ஐ. பதிவு எண் கேளுங்கள். முறையாகப் படித்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எல்லாம் கேட்டுவிட்டு அவள் விரல்விட்டு எண்ணினாள். "அப்போ எனக்கு இருபத்தஞ்சு ஆயிடும்ல சித்தி?"

ஆயிடும் என்றேன்.