நீலகிரிப் புலிகள் தமக்குள் அடித்துக்கொண்டுதான் சாகின்றனவா?

"நீலகிரியில் புலி பெருத்துப்போச்சு, இடம் பத்தாமல் ஒன்றையொன்று கடித்துச் சாகிறது, மனிதனுக்கு இதில் பங்கில்லை" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. முதல் பாதி சரி: 2006-ல் தமிழகத்தில் 76 என்று மதிப்பிடப்பட்ட புலிகள் 2022 கணக்கெடுப்பில் 306. எல்லைச் சண்டையில் புலி சாவதும் உண்டு. மிச்சம் தவறு.

2023 செப்டம்பரில் அவலாஞ்சி அருகே இறந்துகிடந்த இரண்டு புலிகளைக் கொன்றது விஷம். மாட்டைப் பறிகொடுத்தவர் அதன் உடலில் பூச்சிமருந்து தடவியிருந்தார். அடித்த மாட்டைப் புலி ஒரே வேளையில் தின்று தீர்ப்பதில்லை. பின்தொடைப் பக்கம் கொஞ்சம் தின்றுவிட்டு, இருட்டியதும் திரும்பி வரும். மருந்து வைப்பது அந்த இடைவெளியில்தான். அதே இறைச்சியைத் தின்னும் பாறு கழுகுகளும் சேர்ந்து சாகும். மாயாறு பள்ளத்தாக்கில் எஞ்சியிருப்பவையே கொஞ்சம்.

அடுத்தது சுருக்கு. காட்டுப்பன்றிக்கென்று தோட்டத்து ஓரம் கட்டும் பைக் கிளட்ச் கம்பி, புலியின் கழுத்திலோ இடுப்பிலோ விழுந்தால் திமிறத் திமிற இறுகும். தாய்ப்புலி சிக்கினால் பால்குடி மறக்காத குட்டிகளும் பட்டினியில் போய்விடும்.

சண்டையில் செத்த புலியின் உடலில் கோரைப்பல் துளைகளும் நகக்கீறலும் இருக்கும். காயமே இல்லாத உடல் என்றால் இரைப்பை, கல்லீரல் மாதிரிகள் ஆய்வகம் போக வேண்டும். அதற்கு முன் 'சண்டை' என்று சொல்பவர் யூகிக்கிறார், அவ்வளவுதான்.

மாடு அடிபட்டால் உடலை நகர்த்தாதீர்கள். படம் எடுத்து, உடனே வனச்சரகத்துக்குச் சொல்லுங்கள். கால்நடை மருத்துவர் சான்று இருந்தால்தான் இழப்பீடு நகரும். தாமதமாகிறது என்ற கோபம் நியாயமானதுதான். மருந்து வைத்தால் இழப்பீடும் போய், வன உயிரினச் சட்டத்தில் சிறையும் வரும்.