டாமும் ஜெர்ரியும் இருந்த வீட்டில் ஒரு பெண்ணும் இருந்தாள்

நேற்று, பழைய டாம் அண்ட் ஜெர்ரி படங்களுக்கு முன்னால் போடும் இன முன்சாய்வு எச்சரிக்கை வாசகத்தின் ஸ்கிரீன்ஷாட்டுக்குக் கீழே நடந்த சண்டையைப் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். "கார்ட்டூன்லகூட நிறம் பார்க்கிற வியாதி" என்று, அந்தப் படங்களில் இனக் கேலி இருக்கிறது என்று சொன்ன எனக்குப் பட்டம் கொடுத்தார்கள். அங்கே ஐம்பது பேர் சிரிப்புக்கு நடுவில் பேச முடியவில்லை. இங்கே பேசுகிறேன்.

டாம் அண்ட் ஜெர்ரி எனக்கு உயிர். இயக்குநர்கள் ஹன்னாவும் பார்பெராவும் எம்ஜிஎம் ஸ்டுடியோவில் எடுத்த அந்தப் பழைய படங்களுக்கு ஏழு ஆஸ்கர் கிடைத்தது சரிதான் என்று நினைக்கிறவன் நான். ஸ்காட் பிராட்லியின் இசையை மட்டும் தனியாகக் கேட்பேன். பிடிக்காதவன் குறை சொல்கிறான் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ஆனால் அந்த வீட்டில் ஒரு பெண்ணும் இருந்தாள். 1940இல் வந்த முதல் படத்திலிருந்து 1952 வரை இருந்தாள். கறுப்பின வேலைக்காரி. பருத்த கால்கள், செருப்பு, துடைப்பம். முகத்தை ஏறக்குறைய எந்தப் படத்திலும் காட்டவில்லை. குரல் கொடுத்தவர் லில்லியன் ராண்டால்ஃப், வானொலியில் நாடே அறிந்த நடிகை. திரையில் அவர் பெயரையும் போடவில்லை.

"அந்தக் காலம் அப்படி" என்கிறார்கள். அந்தக் காலம் எப்படி என்று எனக்கும் தெரியும். அதே 1940 பிப்ரவரியில்தான் ஹாட்டி மெக்டேனியல், ஆஸ்கர் வென்ற முதல் கறுப்பினக் கலைஞர் ஆனார். வேலைக்காரி வேடத்துக்காக. விழாவில் சக நடிகர்களோடு உட்கார விடாமல் தனி மேசை போட்டார்கள். அந்தக் காலத்திலேயே, கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடும் என்ஏஏசிபி அமைப்பு இந்தக் கார்ட்டூன் பாத்திரத்தை எதிர்த்தது. வலித்தவர்களுக்கு அன்றைக்கே வலித்தது. சிரித்தவர்களின் காலம் மட்டும்தான் 'அந்தக் காலமா'?

வெடி வெடித்ததும் டாமின் முகம் கரியாகி, உதடு தடித்து, தலையில் ரிப்பன் கட்டிய சடைகள் முளைக்குமே, கறுப்பினத்தவரைக் கேலி செய்யும் அந்தக் காட்சி. பள்ளியில் அதற்குப் பிறகு கொஞ்ச காலம் எனக்கு அதுதான் பெயர். "டேய், வெடிச்ச டாம்!" ஆசிரியரும் சிரித்தார். நான் அமெரிக்கன் இல்லை, அவர்கள் பட்டது வேறு, அதை என்னுடையதாக்கிக்கொள்ளவில்லை. ஆனால் "யாருக்கு என்ன நஷ்டம்" என்று என்னிடம் கேட்காதீர்கள்.

அதற்காகத் தடை செய்யச் சொன்னேனா? எங்கே சொன்னேன், காட்டுங்கள். வெட்டக் கூடாது என்பதுதான் என் கட்சி. வெட்டியதன் லட்சணத்தைப் பாருங்கள். 1960களில் தொலைக்காட்சிக்காக அவளை அழித்துவிட்டு, ஒல்லியான வெள்ளைக்காரப் பெண்ணை வரைந்தார்கள். குரலையும் மாற்றி, ஜூன் ஃபோரே என்ற குரல் நடிகையை ஐரிஷ் உச்சரிப்பில் பேச வைத்தார்கள். 1990களில் வேறொரு பதிப்புக்கு நடிகை தியா விடேல் பேசினார். ஏற்கெனவே முகம் இல்லை, பெயர் இல்லை. மிச்சமிருந்தது குரல் ஒன்றுதான், அதையும் எடுத்தாயிற்று. அவமதித்தது நிறுவனம், தண்டனை அந்த நடிகைக்கு. இதையா திருத்தம் என்பது?

"ஸ்பீடி கொன்சாலஸைக்கூட நிறுத்தினார்களே, மெக்சிகோக்காரர்களுக்கே அவனைப் பிடிக்குமே" என்று, மெக்சிகோ எலியாக வரும் அந்தக் கார்ட்டூன் பாத்திரத்தைப் பற்றி ஒருவர் கேட்டார். பிடிக்கும். 1999இல் கார்ட்டூன் நெட்வொர்க் அவனை ஒதுக்கியபோது, லத்தீன் அமெரிக்கர்களின் அமைப்பே திரும்பக் கேட்டது, 2002இல் திரும்பினான். அவன் கதாநாயகன், ஒவ்வொரு படத்திலும் ஜெயிக்கிறவன். அவர்கள் கேட்டார்கள், கிடைத்தது. துடைப்பத்தோடு ஓடும் கால்களை அதோடு ஒப்பிடலாமா?

குழந்தைகள் குழம்புவார்கள் என்ற கவலைக்கு நேரமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், கேட்டால் பதில் சொல்லுங்கள்.

எனக்கும் அந்த எச்சரிக்கை வாசகத்தின் மேல் ஒரு குறை உண்டு. நேற்று யாரும் அதைக் கேட்கவில்லை. இன முன்சாய்வு இருக்கிறது, அது அன்றும் தவறு இன்றும் தவறு என்கிறார்கள், நல்லது. அதற்குக் கீழே இன்னொரு வரி சேர்க்க என்ன தடை? குரல்: லில்லியன் ராண்டால்ஃப். இத்தனை வருடமாக அந்த ஒரு வரியைப் போடாதவர்கள்மேல் வராத கோபம், கேட்கிற என்மேல் மட்டும் ஏன் வருகிறது?