ஆர்பா மின்ச்சில் நான்தான் பரங்கி

எத்தியோப்பியாவின் தெற்கே, ஆர்பா மின்ச் என்ற ஊருக்குப் பாடம் நடத்த வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ‘நாற்பது ஊற்றுகள்’ என்று பொருள்படும் அழகான பெயர். இங்குள்ள நம்மவர்கள் ஒன்றுகூடினால் பேச்சில் பெரும்பகுதி குறைகள்தான்: மின்சாரம் நிற்கிறது, இணையம் நகர மறுக்கிறது, துவரம்பருப்பு கிடைப்பதில்லை, கறிவேப்பிலையைக் கண்ணால் காண முடியவில்லை. எல்லாம் உண்மையே. ஆனாலும் நம் அன்றாடச் சிரமங்களில் பாதி, ஆண்டுக்கணக்கில் இருந்தும் இவ்வூர் மொழியைக் கற்காததால் நாமே வரவழைத்துக்கொண்டவை என்பேன்.

என் கதையையே சொல்கிறேன். வந்த புதிதில், ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அடிஸ் அபாபாவுக்குப் பேருந்துச் சீட்டு வாங்கினேன். பதினோரு மணி என்றார்கள். நிதானமாகக் குளித்து, தயிர்சாதம் கட்டிக்கொண்டு, காலை பத்தரைக்கு நிலையத்துக்குப் போனால், பேருந்து விடியற்காலை ஐந்துக்கே புறப்பட்டுவிட்டது. இங்கே மணிக்கணக்கு விடியலில் தொடங்குகிறது. நமது காலை 7 மணி இவர்களுக்கு 1 மணி, நமது அதிகாலை 5 மணி இவர்களுக்கு இரவு 11. சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணும் பஞ்சாங்கத்தோடு வளர்ந்தவனுக்கு இது புரியாமல் போயிருக்கக் கூடாது. (இவர்களின் ஆண்டுக் கணக்கும் ஏழெட்டு ஆண்டுகள் பின்தங்கி ஓடுகிறது, வயது குறைவதால் அதில் எனக்குப் புகாரில்லை.)

வீடுகளில் பலர் காமோ மொழி பேசினாலும் கடைத்தெருவில் செல்லுபடியாவது அம்ஹாரிக். அதன் எழுத்தைக் கண்டு மிரள்பவர்களுக்கு ஒரு செய்தி: அதுவும் நம் உயிர்மெய் போலத்தான். 33 அடிப்படை எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் ஏழு உயிர் வடிவங்கள், ஆக 231. நாம் 247 எழுத்துகளை ஆறு வயதில் கற்றவர்கள். நான் எழுத்துக்கூட்டத் தொடங்கியதும் முதலில் படித்த பலகைகளுள் ஒன்று, ஓராண்டாக நான் தினமும் கடந்துபோன உணவகத்தினுடையது. ‘ட்சோம்’ உணவு, அதாவது விரத உணவு கிடைக்கும் என்று அதில் எழுதியிருந்தது. ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்கள் புதனும் வெள்ளியும் இறைச்சி, பால், முட்டை மூன்றையும் தவிர்ப்பவர்கள். சைவக்காரனான நான் அதுவரை வெளியே போனால் ரொட்டியும் வாழைப்பழமும் தின்று பொழுதைக் கழித்திருந்தேன்! அன்று தட்டை நிறைத்த இஞ்செரா என்னும் புளித்த மாவுத் தோசையின் மேல் மிசிர் என்னும் மைசூர்ப்பருப்புக் குழம்பு, முட்டைக்கோசு, பீட்ரூட், நடுவில் ஷிரோ. ஷிரோ வேறொன்றுமில்லை, நம் வீட்டுக் கடலைமாவுச் சாம்பாரின் காரமான உறவுக்காரர்.

வீட்டுக்கார அம்மா காபிக்கு அழைக்கும்போதும் இதே கதைதான். பச்சைக் கொட்டையைக் கண்ணெதிரே வறுத்து, புகையை நம் பக்கம் விசிறி, இடித்து, மண்கூஜாவில் கொதிக்க வைத்து, பொரித்த சோளத்தோடு தருவார். நான் முதல் கோப்பையை முடித்ததும் நன்றி சொல்லி எழுந்துவிடுவேன். அபோல், தோனா, பரக்கா என மூன்று சுற்று உண்டு என்பதும், மூன்றாவதன் பெயருக்கு ஆசி என்று பொருள் என்பதும், பேசத் தெரிந்த பிறகுதான் விளங்கின. எத்தனை முறை ஆசியை வாங்காமல் எழுந்து வந்தேனோ!

தெருப்பிள்ளைகள் என்னை ‘ஃபெரெஞ்சி’ என்று கூவுகிறார்கள். வெள்ளைக்காரனுக்கு நாம் வைத்த ‘பரங்கி’யும் இதுவும் ஒரே வேரில் பிறந்தவை. இங்கே பரங்கி நான்.

“இரண்டு வருட ஒப்பந்தத்துக்கு மொழி எதற்கு?” என்று கேட்கும் நண்பரின் ஒப்பந்தம் மூன்றாம் முறை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. பஜாஜ்காரர் அதிகம் கேட்கிறார் என்று நாள்தோறும் புலம்புபவரும் அவரே. (ஆட்டோவுக்கு இங்கே பஜாஜ் என்றே பெயர்.) சென்னையில் பத்தாண்டு வாழ்ந்தும் தமிழில் ஒரு சொல் பேசாதவரைப் பார்த்துக் கொதிக்கும் நாம், அடுத்தவர் ஊரில் அதையே செய்துகொண்டு அதற்கு ‘நேரமில்லை’ என்று பெயர் வைத்திருக்கிறோம்.

போன வாரம் புதிதாக ஒரு விரிவுரையாளர் வந்திருக்கிறார். துவரம்பருப்பு எங்கே கிடைக்கும் என்று கேட்டார். சாம்பாருக்கு மிசிரே போதும் என்று ஒரு கிலோ பருப்பையும், பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் எழுத்து அட்டை ஒன்றையும் எடுத்து வைத்தேன். பருப்பை வாங்கிக்கொண்டு போனார். அட்டை இன்னும் என் மேசையில் இருக்கிறது.